முதலில் நேரத்தைக் கண்டுபிடி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன. எதை எங்கே போடுவது என்பதில்தான் தடுமாறுகிறாய்.

அந்த விமானக் கணக்கையே எடுத்துக்கொள். 490 மீட்டர் உயரத்தில், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து நிவாரணப் பொட்டலத்தை விடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் முன்னால் போய் விழும் என்பதே கேள்வி. வேகத்தை நொடிக்கு 100 மீட்டர் என்று சரியாக மாற்றிவிட்டாய். பிறகு அந்த நூறைக் கொண்டுபோய்க் கீழே விழும் சமன்பாட்டில் போட்டுவிட்டாய். அது முழுக்கப் பக்கவாட்டு வேகம், அம்மா. விடுபடும் கணத்தில் பொட்டலத்தின் கீழ்நோக்கிய வேகம் சுழி. ஆகவே 490 = ½ × 9.8 × t² (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம், t என்பது நேரம்). நேரம் 10 நொடி. காற்றுத் தடையை விட்டுவிட்டால் பக்கவாட்டு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்த விசையும் இல்லை. ஆகவே 100 × 10, அதாவது 1000 மீட்டர் முன்னால் போய் விழும்.

தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து என்று எழுதிக்கொள். இரு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் மட்டுமே. வேறெந்த எண்ணும் கோட்டைத் தாண்டக் கூடாது.

நம்பிக்கை வரவில்லையா? விடுதி அறையிலேயே செய்து பார். ஸ்கேலின் ஒரு முனை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சாய்வாக வை. அந்த முனைமேல் ஒரு நாணயம். ஸ்கேலுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே இன்னொன்று. ஸ்கேலை விளிம்புப் பக்கமாகச் சட்டென்று சுண்டு. முதல் நாணயம் நேரே கீழே விழும், மற்றது தள்ளிப் பாயும். கண்ணை மூடிக்கொண்டு கேள்: தரையில் ஒரே சத்தம்தான் வரும். வீட்டுக்காவலில் இருந்த கலிலியோவின் நூல் 1638இல் லைடனில் அச்சானபோது, கிடையாக ஒரே வேகம், கீழ்நோக்கி முடுக்கம் என்ற இரண்டும் சேர்ந்தே பரவளையம் என்ற வளைந்த பாதை உண்டாகிறது என்று அதில் நிறுவியிருந்தார்.

நெடுக்கத்துக்கு, அதாவது பக்கவாட்டில் போய் விழும் தூரத்துக்கு, u√(2h/g) (u பக்கவாட்டு வேகம், h உயரம், g புவியீர்ப்பு முடுக்கம்) என்று ஒரே சூத்திரத்தை உருப்போடச் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நெடுக்கத்தைக் கொடுத்து உயரத்தைக் கேட்டால் கை ஓடாது.

பொட்டலம் தரையைத் தொடும்போது உள்ள வேகம் கேட்டால், கீழ்நோக்கி 9.8 × 10, அதாவது நொடிக்கு 98 மீட்டர், பக்கவாட்டில் 100. பிதாகரஸ் தேற்றப்படி ஏறத்தாழ 140. அவ்வளவுதான்.

இப்போது இதைப் போடு: 44.1 மீட்டர் உயர மாடியிலிருந்து கிடையாக எறிந்த பந்து, 60 மீட்டர் தள்ளி விழுகிறது. எறிந்த வேகம் என்ன? விடை மட்டும் வேண்டாம், எல்லாப் படிகளையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா