550–0: மருமகனுக்கு ஒரு பதில்

அன்புள்ள மருமகனுக்கு,

1901ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பதினோர் ஆட்டங்களில் 550 புள்ளிகள் குவித்து, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை என்றும், உண்மையாகவே இருந்தாலும் நோஞ்சான் அணிகளைப் புரட்டி எடுத்ததில் என்ன பெருமை இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கணக்கு உண்மைதான், ஆட்டவாரியாகக் கூட்டிப் பார்த்தாலும் 550தான் வருகிறது. இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றாலும், அது பாதி நியாயம்தான். இதே ஐயத்தை வேறு சிலரும் எழுப்பியிருப்பதால், உனக்கான பதிலைப் பொதுவிலேயே வைக்கிறேன்.

முதலில், நீ தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கக் கால்பந்தை மறந்துவிட வேண்டும். பந்தை முன்னோக்கி எறிவது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. 1901இல் மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேறினால் போதும் என்பதால், கூட்டமாக மோதி, ஆளை ஆள் தள்ளி, அங்குலம் அங்குலமாக நகர்வதே ஆட்டமாக இருந்தது. டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, இப்போதுபோல ஆறு அல்ல, ஐந்து புள்ளிகள். தலைக்கவசம் அணிய வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியேறியவர் திரும்ப வர முடியாது என்பதால், தாக்குவதற்கும் தடுப்பதற்கும் பெரும்பாலும் அதே பதினொருவர்தான் நின்றார்கள். இப்படிப்பட்ட ஆட்டத்தில், அணிகள் சமபலத்தில் இருந்தால், புள்ளிகள் மிக அரிதாகவே வரும்.

அங்கேதான் ஃபீல்டிங் யோஸ்ட் வருகிறார். மேற்கு வர்ஜீனியாக்காரர், அப்போது அவருக்கு வயது முப்பது. 1900இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். இனிமேல் முன்னாள் மாணவர்களைத் தவிர வேறு யாரையும் பயிற்சியாளராக வைப்பதில்லை என்று அங்கே முடிவெடுத்ததால் வேலை போயிற்று. மிச்சிகன் அவரை அழைத்துக்கொண்டது. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று ஓயாமல் விரட்டுவதே அவருடைய வழக்கம். அதுவே பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது. ஒரு மோதல் முடிந்து எதிரணியினர் எழுந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த மோதலைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய முழுச் சித்தாந்தம். அதற்கேற்ற உடற்பயிற்சியையும் கொடுத்தார். கலிபோர்னியாவில் அவருக்கு அறிமுகமாகியிருந்த வில்லி ஹெஸ்டன் என்ற ஓட்டக்காரரும் அவரைத் தொடர்ந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்து சட்டம் படிக்கச் சேர்ந்துகொண்டார். (படிப்பு முதலா, பந்து முதலா என்று என்னைக் கேட்காதே.)

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பஃபலோவை 128–0, பெலாயிட்டை 89–0 என்று வீழ்த்திய ஆட்டங்களை வைத்து அந்த அணியை எடைபோடாதே. அவை பொருந்தாத சண்டைகள். ஆட்டம் இறுகிய இடங்களைப் பார். டெட்ராய்ட்டில் கார்லைல் அணியுடன் 22–0. அது பூர்வகுடிப் பிள்ளைகளை அவர்களுடைய இனங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து சேர்த்த பள்ளியின் அணி; நாடே அஞ்சும் அளவுக்கு ஆடியது. அலோன்சோ ஸ்டாக் பயிற்றுவித்த சிகாகோவுடனும் 22–0. எல்லாவற்றிலும் குறைந்த இடைவெளி, நவம்பர் 9 அன்று கொலம்பஸ் நகரில் ஓஹையோ ஸ்டேட் அணியுடன்: 21–0.

அந்த 21தான் இந்தப் பருவத்தில் என்னை நிறுத்திவைக்கும் எண். இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த வேறோர் ஆட்டத்தில் ஓஹையோ அணியின் நடு ஆட்டக்காரர் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். கால்பந்தையே கைவிடுவதா என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் விவாதம் நடந்தது. தோழனைப் பறிகொடுத்த அந்த அணி, சராசரியாக ஆட்டத்துக்கு ஐம்பது புள்ளிகள் குவித்துக்கொண்டிருந்த மிச்சிகனை அந்த ஆண்டில் வேறு எவரையும்விடக் கூடுதலாகத் தடுத்து நிறுத்தியது. மறு ஆண்டே அதே ஓஹையோ 86–0 என்று தோற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய ஆட்டத்தின் வீம்பு என்ன என்பது உனக்குப் புரியும். மிச்சிகனின் பெருமையை 128இல் தேடுவதைவிட, இத்தகைய அணிக்கு எதிரிலும் பூஜ்யத்தைக் காப்பாற்றியதில் தேடுவதே சரி என்பது என் எண்ணம்.

கடைசி ஆட்டம் 1902 ஜனவரி 1 அன்று பாசடீனாவில், ரோஜாத் திருவிழாவின் ஒரு பகுதியாக நடந்தது. எதிரணி, யோஸ்டை வெளியே அனுப்பிய அதே ஸ்டான்ஃபோர்டு. பனிக்காலத்து மிச்சிகனிலிருந்து ரயிலில் நாட்கணக்காகப் பயணம் செய்து வந்தவர்கள், கலிபோர்னியாவின் வெயிலில் ஆட வேண்டியிருந்தது. முற்பாதி முடிவில் 17–0. பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேற, மிச்சிகன் மாற்றாள் ஒருவரைக்கூட இறக்காமல் தொடங்கிய பதினொருவரோடே ஆடியது. நீல் ஸ்னோ ஒருவரே ஐந்து டச்டவுன் அடித்தார். 49–0 என்று இருந்தபோது, நேரம் இன்னும் மீதமிருக்கையிலேயே ஸ்டான்ஃபோர்டு தலைவர், போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்று மிச்சிகன் தலைவரிடம் கேட்க, ஆட்டம் அத்துடன் முடிந்தது. விழாக் குழுவினர் இதை ரசிக்கவில்லை போலும். 1916 வரை அந்த விழாவில் கால்பந்தே இல்லை, இடையில் சில ஆண்டுகள் ரதப் போட்டி நடத்திப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டின் தலைசிறந்த அணி எது என்பதில் உனக்கு இன்னொரு வாதமும் கைவசம் இருக்கிறது: ஹார்வர்டும் அதே பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களையும் வென்று, யேலை 22–0 என்று தோற்கடித்தது. இரண்டும் மோதியதே இல்லை. கிழக்குக் கரையின் பெரிய அணிகளை மிச்சிகன் சந்திக்கவில்லை என்ற குறையை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் ஹார்வர்டு சில புள்ளிகளை விட்டுக்கொடுத்தது, மிச்சிகன் விடவில்லை என்பதால் என் வாக்கு மிச்சிகனுக்கே.

இது ஓராண்டு அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. தொடர்ந்து 56 ஆட்டங்களில் யோஸ்டின் அணி தோற்கவில்லை. 1903இல் மின்னசோட்டாவுடன் 6–6 என்று முடிந்தது ஒன்றுதான் சமன். அந்தத் தொடரை 1905 நவம்பர் கடைசியில் முடித்துவைத்தது ஸ்டாக்கின் சிகாகோ. மிச்சிகன் வீரர் ஒருவர் தம் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்பட்டதில் கிடைத்த புள்ளிகளால், 2–0.

அன்புடன்,
மாமா