செய்முறையில் தணலையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். அண்மையில் சுட்ட கோழி செய்முறை ஒன்று போட்டிருந்தீர்கள். படம் வடிவாக இருந்தது. ஆனால் 200 பாகை சூட்டில் ஓவனில் வைக்கவும், அலுமினியத் தாளில் சுற்றவும், புகை மணத்துக்கு ஒரு போத்தல் சோஸ் வாங்கவும் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். விசுவமடுவில் எத்தனை வீட்டில் ஓவன் இருக்கிறது? புகைதான் எங்கள் அடுப்படியில் வேண்டிய மட்டும் இருக்கிறதே, அதைப் போய்ப் போத்தலில் வாங்குவானேன்!

குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வளவில் கூடிச் சமைப்போம். (போயா நாளில் கூடலாம் என்றால் இறைச்சிக்கடை பூட்டு.) ஆளுக்கொன்றாக வீட்டில் சமைத்துக்கொண்டு வருவோம். ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு வருவாள், இன்னொரு வீட்டிலிருந்து எருமைத் தயிர் வரும், முச்சக்கர வண்டி ஓட்டுகிற தம்பி குளத்தடியில் மீன் வாங்கி வருவான். தணல் மட்டும் பொது. எங்களில் ஒருவருக்கும் சமையல் தொழில் கிடையாது, ஆசைக்குச் சமைக்கிறவர்கள்தான். இப்படிப்பட்டவர்கள் மல்லாவியிலும் மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் கனக்க இருப்பார்கள். சாப்பாட்டைக் கொடுத்து வாங்குவதில் வன்னியில் ஒரு குறையும் இல்லை, கறிக்கிண்ணம் வேலிக்கு மேலால் போய்க்கொண்டேதான் இருக்கிறது. பக்குவத்தைக் கேட்டால்தான் வாய் திறக்க மாட்டார்கள். "அது கைப்பக்குவம் அக்கா" என்று ஒரு சிரிப்பு. பத்திரிகைச் செய்முறையோ தூளை அரைத் தேக்கரண்டி வரைக்கும் அளந்து சொல்லிவிட்டு, நெருப்பைப் பற்றி ஒரு வரியும் சொல்லாது. சுடுகிற சமையலில் பாதிக்கு மேல் நெருப்புத்தான், அதை எழுதாமல் விட்டால் மிச்சத்தை எழுதி என்ன பயன்?

எனவே என் வேண்டுகோள் இது: அந்தப் பக்கத்தில் கால் பக்கமாவது வாசகர்களுக்கு ஒதுக்குங்கள், எழுதுகிறவர் என்ன விறகு, எவ்வளவு தணல், எவ்வளவு நேரம் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடுங்கள். கேட்டுவிட்டு நான் சும்மா இருக்கக்கூடாதல்லவா, எங்கள் வளவில் பழகியதை எழுதுகிறேன்.

முதலில் விறகு. சிரட்டை கெதியாகப் பிடிக்கும், பொறி பறக்கும், சூடும் அதிகம், ஆனால் நின்று எரியாது. புளி, வீரை இரண்டும் நல்ல கனமான தணல் தரும். பாலையும் அப்படித்தான், அதற்காக யாரும் காட்டுக்குள் கோடாலி கொண்டு போக வேண்டாம், காய்ந்து விழுந்த கொப்பே போதும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஊமல், அதுதான் பனங்கொட்டையின் ஓடு. பூரான் எடுத்த பிறகு வெட்டி எறிகிறோமே, அதை வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், அடியில் ஊமலும் மேலே சிரட்டையுமாக அடுக்கி மூட்டும்போது ஒரு குடும்பத்துச் சமையலுக்கு நடுவில் விறகு போடத் தேவையில்லை. மூட்டுவதற்குப் பன்னாடையும் பொச்சும் இருக்க மண்ணெண்ணெய் எதற்கு? அதன் நாற்றம் மீனில் ஏறினால் எந்தப் புளியாலும் போகாது.

சுவாலை எரியும்போது எதையும் மேலே வைக்காதீர்கள். கரி முழுவதும் வெள்ளைச் சாம்பல் போர்த்து, உள்ளே சிவப்புத் தெரியும்வரை பொறுக்க வேண்டும், அதற்கு அரை மணித்தியாலமும் ஆகலாம். அப்புறம் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி மற்றப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கொழுப்பு ஒழுகிச் சுவாலை கிளம்பினால் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சிலருக்கு, அதனால் சாம்பல்தான் கிளம்பி இறைச்சியில் ஒட்டும். இறைச்சியை வெறும் பக்கத்துக்கு இழுத்துவிட்டால் சரி. சூட்டைப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. சுடுகிற கம்பி வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து ஆறுதலாக எண்ணுவோம். இரண்டு எண்ணுமுன் கையை எடுக்க வேண்டி வந்தால் இறால் வைக்கலாம், ஐந்து வரை தாங்கினால் கோழித் தொடை, எட்டைத் தாண்டினால் தணல் சோர்ந்துவிட்டது, கத்தரிக்காயைப் போட்டு மூடிவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுப்புக்குச் செலவு வேண்டாம். சீமெந்துக்கல் இரண்டு வரிசை, அல்லது பழைய லொறி றிம் ஒன்று. மேலே வைக்கிற கம்பி வலையில் மட்டும் கவனம். வேலிக்கு அடிக்கிற துத்தநாகம் பூசிய வலை கடும் சூட்டில் நச்சுப் புகை விடும், பூச்சில்லாத இரும்புக் கம்பியே நல்லது. இறைச்சி கோர்க்கிற குச்சிக்கு அலரிக் கொப்பை ஒருபோதும் முறிக்காதீர்கள், அலரி இலை முதல் பட்டை வரை நஞ்சு. நந்திக்கடல் பக்கத்து ஆக்களுக்குத் தில்லை மரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பால் பட்டாலும் புகை பட்டாலும் கண் போகும். இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. ஆள் புழங்காத பற்றைக் காணியில், கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் குழி தோண்டவும் வேண்டாம், நிலத்தில் நெருப்பு மூட்டவும் வேண்டாம். குப்பை கொளுத்தும்போது வெடித்த கதைகள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வளவுக்குள், கல்லுக்கு மேலே மூட்டுங்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் கிடுகுக் கொட்டிலுக்குக் கிட்டவும் வேண்டாம்.

இனி மீன். வன்னியில் கடல் மீனை விடக் குளத்து மீன்தான் பல வீடுகளுக்குக் கைக்கெட்டுவது, அதிலும் திலாப்பியா. ஆப்பிரிக்க மீன், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். அதைச் "சேற்று நாற்றம்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த நாற்றம் சேற்றால் வருவதில்லை. குளத்து நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில பக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும், நம் அம்மம்மாமார் பழப்புளியில் மீனை ஊறவைத்தது சும்மா இல்லை. குடலையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும் சுத்தமாக எடுத்துவிட்டு, உப்புப் போட்டு உரசி, எலும்பு வரைக்கும் நாலு கீறல் கீறி, கரைத்த பழப்புளியில் கால் மணித்தியாலம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், தசை வெளுத்துச் சதசதத்துப் போகும். கழுவித் துணியால் ஈரம் ஒற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஈர மீன் வலையில் ஒட்டாமல் என்ன செய்யும்? உள்ளி, பச்சை மிளகாய், மிளகு, மஞ்சள், உப்பு அரைத்துக் கீறலுக்குள் அழுத்தி, மேலே எண்ணெய் பூசி, நன்றாகச் சூடேறிய வலையில் வையுங்கள். வைத்தபிறகு கை வைக்காதீர்கள். தோல் மொறுகினால் தானாக வலையை விடும், அப்போது திருப்பினால் முழு மீனாக வரும். தோல் உரிவது உங்களுக்கு மனக்கவலை என்றால் வாழையிலையை நெருப்பில் வாட்டி மடக்கிச் சுற்றிவிடுங்கள், ருசி வேறு மாதிரி, அதுவும் நன்றாக இருக்கும்.

கோழிக்கு வருவோம். இங்கே பலருக்குக் கோழி கசந்து போவதற்குக் காரணம் எங்கள் தூள். மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் ஏற்கெனவே வறுத்து இடித்தவை. அதை அப்பிக்கொண்டு தணலில் வைத்தால் இறைச்சி வேகுமுன் தூள் கருகிவிடும். குழம்புக்குள் திறமாக இருக்கிற தூள் தணலில் திறமாக இருக்காது. ஒரு கிலோ கோழிக்குச் செத்தல் மிளகாய் எட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, எட்டுப் பல்லு உள்ளி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு தேக்கரண்டி உப்போடு அரைத்து, அரைக் கோப்பை தயிரில் குழைத்துப் பூசுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் இரவே பூசி வைக்கலாம், இல்லாதவர்களுக்கு ஒரு மணித்தியாலம் போதும். தூள் மணம் வேண்டுமென்றால் கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு கரண்டி தூளைக் கரைத்து, கறிவேப்பிலைக் கொத்தால் தொட்டுத் தொட்டுக் கடைசி ஐந்து நிமிடம் பூசுங்கள். சீனி, சோஸ், கருப்பட்டிப் பாணி எல்லாம் அந்த நேரத்தில்தான். எலும்போடு கூடிய தொடை நடுத்தரத் தணலில் திருப்பித் திருப்பி வேக 35, 40 நிமிடம் எடுக்கும். உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும் என்பது கணக்கு, வெப்பமானி இல்லாத நாங்கள் மூட்டடியில் எலும்பு தெரிய வெட்டிப் பார்ப்போம், சிவப்புத் தண்ணீர் வந்தால் திரும்பவும் தணலுக்கு.

இது புறொய்லர் கோழிக்கு. ஊர்க்கோழியை நேரே தணலில் போட்டுவிட்டுப் பல்லோடு சண்டை பிடிக்காதீர்கள். உப்பும் மஞ்சளும் இஞ்சியும் போட்டு முக்கால் பதம் அவித்து, பிறகு பத்து நிமிடம் சுட்டால் போதும், அவித்த தண்ணீரில் ரசம் வைக்கலாம். ஆட்டிறைச்சிக்குப் பச்சைப் பப்பாசி அரைத்தது கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணித்தியாலம், அதற்கு மேல் போனால் களியாகிவிடும்.

மான், மரை வத்தல் எப்படிச் சுடுவது என்று யாராவது உங்களுக்கு எழுதுவார்கள். வன்னி என்றால் வெளியூர் ஆக்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். தயவுசெய்து போடாதீர்கள். 1937ஆம் ஆண்டிலிருந்தே வன விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, சட்டம் ஒருபுறம் கிடக்க, மிச்சம் இருக்கிறதையும் தின்று தீர்த்து என்ன செய்யப் போகிறோம்?

மச்சம் சாப்பிடாதவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கும் நாட்களில் எங்கள் வளவில் தணல் முழுக்கச் சைவம்தான். கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு உரித்து, பச்சை மிளகாய், வெங்காயம், தேசிக்காய், தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த சம்பலுக்கு எந்தக் கோழியும் கிட்ட வராது. சோளன் பொத்தியை மேல் மடல் இரண்டைக் கழற்றிவிட்டு மிச்ச மடலோடு சுட்டால் உள்ளே அவிந்து சுவறும், பிறகு மடலை உரித்து ஒரு நிமிடம் நேரே காட்டினால் மணமும் வந்துவிடும். பனம்பழக் காலத்தில் சொல்லவே வேண்டாம், பிள்ளைகள் முகமெல்லாம் மஞ்சள்.

ஒரு சின்ன மனக்குறை. தணல் என்றதும் ஆண்கள் எல்லோரும் இடுக்கியோடு வந்து நிற்பார்கள், படமும் எடுப்பார்கள். மீன் வெட்டியது யார், அம்மியில் அரைத்தது யார், கரி பிடித்த வலையைத் தேய்க்கப் போவது யார்? எங்கள் வளவில் இப்போது சுடுகிறவரே வலையையும் தேய்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சுடுகிறவர் தொகை கொஞ்சம் குறைந்துதான் விட்டது.

சாப்பாடு காவிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒன்று. சமைத்தது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, 32 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் ஒரு மணித்தியாலம்தான், வன்னியின் வெயிலுக்கு நீங்களே கணக்குப் பாருங்கள். தேங்காய்ச் சம்பலை வீட்டில் குழைத்துக் கொண்டுவராமல், வந்த இடத்தில் குழையுங்கள். பச்சை இறைச்சி வந்த தட்டில் சுட்டதைத் திரும்ப வைக்காதீர்கள்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்திலும், போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து தறப்பாளுக்கு முன்னால் மூன்று கல் வைத்த 2010இலும், காஸ் வரிசை நீண்ட 2022இலும் இந்த ஊர் விறகில்தான் சமைத்தது. அந்த அனுபவம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது, ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இடம் கொடுத்தால் எழுதுவார்கள் ஐயா. அளவோடு எழுதச் சொல்லுங்கள், "கொஞ்சம்", "தேவையான அளவு" என்று வருகிற கடிதங்களைத் திருப்பி அனுப்புங்கள்.

கால் பக்கம் கிடைத்தால் முதல் கேள்வி என்னுடையது. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கணவாய் சுடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: கடும் தணலில் இரண்டு நிமிடத்தில் எடுக்கிறீர்களா, அல்லது முதலில் அவித்துவிட்டுச் சுடுகிறீர்களா? மைப்பையை எடுக்காமல் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி