‘புல்டோஸ்’ என்ற சொல் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். மூலம் 1877-ஆம் ஆண்டு அமெரிக்கச் செய்தி. அதில் வரும் ‘புல்டோஸ்’ என்ற ஆங்கில வினையை ‘புல்டோசர் விட்டு இடித்தார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்றிவிடு. அப்போது அந்த வண்டியே கிடையாது. அங்கே அடிபட்டவர்கள் மனிதர்கள்.

வண்டியிலிருந்துதான் இந்த வினை வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1870-இல்தான் அமெரிக்க அரசியலமைப்பின் 15-ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உறுதி செய்தது. 1876 நவம்பரில் அதிபர் தேர்தல். கறுப்பினத்தவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துவிடக் கூடாது என்று லூசியானாவில் வெள்ளையர் கும்பல்கள் வீடுதேடிப் போய் மிரட்டின, சவுக்கால் அடித்தன, கொலையும் செய்தன. அந்த வன்முறைக்குத்தான் பத்திரிகைகள் ‘புல்டோஸ்’ என்று எழுதின. அதைச் செய்த ஆள்தான் முதல் ‘புல்டோசர்’. மிரட்டல் நடந்தது என்று சொல்லி, லூசியானாவின் வாக்குச் சரிபார்ப்பு வாரியம் பல இடங்களின் வாக்குகளைத் தள்ளிவிட்டது. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் 185, ஜனநாயகக் கட்சியின் டில்டன் 184.

அதனால் உன் வரியை ‘சவுக்கடியாலும் கொலை மிரட்டலாலும் அவர்களை வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்தார்கள்’ என்று எழுது. நீளம்தான், பரவாயில்லை. வெறுமனே ‘மிரட்டினார்கள்’ என்று போட்டால் அவர்கள் பட்ட அடி மறைந்துபோகும். அதை நாம் மறைக்கக் கூடாது. அதே பக்கத்தில் ‘பாரிஷ்’ வருகிறது. லூசியானாவில் அது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. ‘பங்கு’ என்று எழுதினால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி என்று ஆகிவிடும்.

சொல்லைப் பிரித்தால், ‘புல்’ என்பது காளை, ‘டோஸ்’ என்பது மருந்தின் அளவு. காளைக்குக் கொடுக்கிற அளவுக்கு மனிதனுக்குக் கொடுக்கும் அடி. ‘நல்லா டோஸ் விட்டார்’ என்று நாம் திட்டுக்குச் சொல்வதும் இதே மருந்தளவிலிருந்து வந்ததுதான். பழைய அச்சில் இசட் இருக்கும் இடத்தில் எஸ் போட்டும் இந்தச் சொல் வரும், வேறு சொல்லோ என்று குழம்பாதே. கண்ணயர்வதைக் குறிக்கும் ‘டோஸ்’ தனிச்சொல். காளை, மருந்தளவு என்ற பிரிப்பையும் அகராதிகள் ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் தருகின்றன. அடிக்குறிப்பு எழுதினால் அந்த ‘இருக்கலாம்’ உன் வரியிலும் இருக்கட்டும்.

வண்டிக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டறைகளில் இரும்பை வளைக்கும் அழுத்து இயந்திரத்தையும் புல்டோசர் என்றார்கள். 1923-இல் கான்சாஸில் கம்மிங்ஸ், மெக்லியட் என்ற இருவர் டிராக்டரின் முன்னால் மண் தள்ளும் தகடு பொருத்தினார்கள். 1925-இல் காப்புரிமை கிடைத்தபோதும் அதன் பெயர் ‘டிராக்டருக்கான இணைப்பு’ என்பதுதான். 1930 வாக்கில்தான் புல்டோசர் என்ற பெயர் அந்த வண்டிக்கு நிலைத்தது.

ஆகவே முதலில் மூலத்தின் ஆண்டைப் பார். 1930-க்கு முந்தியது என்றால் மண் தள்ளும் வண்டியை நினைக்கவே வேண்டாம். பிந்தியது என்றால் செயப்படுபொருளைப் பார். கட்டடமோ நிலமோ என்றால் ‘தரைமட்டமாக்கினார்கள்’. ஆளைச் சொல்லி, பின்னால் ‘இன்டு’ என்ற ஆங்கிலச் சொல் வந்தால் ‘நெருக்கிச் சம்மதிக்க வைத்தார்’. இன்றைய பேச்சில் சவுக்கு இல்லை, அங்கே ‘அடித்து உதைத்து’ என்று போட்டால் மிகை. மசோதாவும் ‘த்ரூ’வும் சேர்ந்தால் ‘எதிர்ப்பை மதிக்காமல் நிறைவேற்றினார்கள்’. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்: ‘மசோதாவைத் தகர்த்தார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். நிறைவேறிய மசோதா தோற்றுப்போனதாகிவிடும்.

‘புல்லி’ என்ற ஆங்கிலச் சொல்லை இதோடு சேர்க்காதே. அது காளையிலிருந்து வந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் அன்பானவரைக் கொஞ்சி அழைக்கும் சொல்லாக இருந்தது. டச்சு மொழியில் காதலரைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். இளைத்தவரைத் திரும்பத் திரும்ப வதைப்பவர்தான் இன்றைய ‘புல்லி’. ‘புல்டோஸ்’ செய்பவர் ஒரு காரியம் முடிய வேண்டும் என்று எதிரே நிற்பவரைத் தள்ளிக்கொண்டு போகிறவர். அந்த ஆள் பலசாலியாகவும் இருக்கலாம்.

அடுத்த பக்கங்களை அனுப்பும்போது மூலத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா