பனையோலை அனுப்பியிருக்கிறேன், பட்டியலை நீ போடு

கிறிஸ்துவுக்குள் அன்பான பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். மழை பிடிக்கும் முன்பே உங்கம்மாவுக்கு முழங்கால் வலி தொடங்கிவிட்டது, மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிசுப் பெட்டி ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடட்டுமா, நேரே அவரவர் வாசலுக்கே போய்விடும், உங்களுக்கும் அலைச்சல் இல்லை என்றாய். போனில் இதைப் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நடுவில் உங்கம்மா ரிசீவரைப் பிடுங்க, பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போட வேண்டாம். காசை நினைத்துச் சொல்லவில்லை. உனக்கு அது பெரிய செலவும் இல்லை. ஆனால் பெரியப்பாவுக்கும் ஏரல் அத்தைக்கும் போன மாதம் பிறந்த குழந்தைக்கும் ஒரே பெட்டி எப்படிப் பொருந்தும்?

டிசம்பர் பிறந்தால் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டு நடுவில் பாய் விரித்துப் பனையோலையைக் கொட்டிப் பரிசுப் பெட்டி முடைவோமே, அந்த வேலையில் பாதி கையால் நடந்தது, மீதி வாயால்தான் நடந்தது. ஆச்சி ஓர் ஓலையைக் கையில் எடுத்ததும் "இது யாருக்கு?" என்பாள். அப்புறம்தான் அகலம், உயரம், மூடி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம். பெரியப்பா வெற்றிலை போடுகிறவர், அதனால் அவருக்கு நீளப் பெட்டி. டீச்சரம்மாவுக்குச் சர்க்கரை, அவர்களுக்கு அதிரசம் வைக்கக்கூடாது, அச்சு முறுக்குதான். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பெட்டியோடு, ஆட்டினால் சத்தம் வருகிற ஓர் ஓலைக் கிலுக்கும் போகும். புதுப் பெண்ணுக்குச் சாயம் போட்ட ஓலை, மற்றவர்களுக்கு வெள்ளோலை. முந்திரிக்கொத்து யாருக்குப் பல்லில் கடிபடும், யாருக்குப் படாது என்றுகூடப் பேசியிருக்கிறோம்.

ஒரு வருஷம் வரப்புத் தகராறில் கீழத்தெரு வீட்டோடு நமக்குப் பேச்சு வார்த்தை இல்லை. நானும் வீம்பாகத்தான் இருந்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, அந்த வருஷத்து முதல் பெட்டியை அவர்களுக்கென்று முடைந்து உன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். பாவாடை கட்டின பிள்ளை வாசலில் வந்து நின்றால் யார் திருப்பி அனுப்புவார்கள்? பெட்டி போனது. திரும்பி வரும்போது அதில் நாலைந்து முட்டை இருந்தது. கிழவி பலே ஆள்.

உறவெல்லாம் உனக்கு யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. பாயில் உட்கார்ந்து காதில் விழுந்ததுதான். பேரனுக்கு இவர்களெல்லாம் போன் திரையில் வந்து கையாட்டிவிட்டுப் போகிற முகங்கள். அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை.

2023-ஐ நினைத்துக்கொள். டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி, ஏரல் தீவாகிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நாம் முடைந்து அடுக்கியிருந்த பெட்டிகள் பாதி ஊறிப் பூசணம் பிடித்துவிட்டன. தப்பியதில் அத்தைக்கென்று ஒன்றை எடுத்து உங்கம்மா பலகாரம் எதுவும் வைக்காமல் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, உள்பாவாடை, ஒரு பொட்டலம் காப்பித்தூள் என்று வைத்தாள். பாதை திறந்ததும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை வீட்டில் இடுப்பளவுக்குச் சேறு ஏறின கறை சுவரில் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு "காப்பித்தூள் யாருக்குடா தோணுச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஸ்பீடு போஸ்டில் ஒரு கட்டு குருத்தோலை அனுப்பியிருக்கிறேன். பதநீர் சீசனில் பனையேறி வெட்டிக் கொடுத்தது, அப்போதே காயவைத்துச் சுருட்டி வைத்தோம். இப்போது போய்க் கேட்டால் கிடைக்காது, சீசன் முடிந்தபிறகு யாரும் தினமும் மரம் ஏறுவதில்லை. ஒரு மரத்தில் குருத்தை அளவாகத்தான் எடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மரம் சோர்ந்துவிடும். ஆகவே வீணடிக்காதே.

இங்கே நமக்கு ஈரம்தான் தொல்லை. உங்கள் புனேயில் டிசம்பர் காற்று வறண்டு இருக்கும், ஓலை மடக்கினால் முறியும். ஈரத்துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டுக் காலையில் எடு. தண்ணீரில் போட்டு ஊறவிடாதே, கறுத்துவிடும். ஈர்க்கை நீக்கிவிட்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள். சாயம் போடுவதானால் கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கரைத்து ஓலையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்து. வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

பின்னல் உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் மூலை திருப்புகிற இடத்தில் நீ எப்போதும் தடுமாறுவாய். எட்டு நெட்டு, எட்டுக் குறுக்கு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று முதலில் சதுரமாகப் பின்னு. அந்தச் சதுரத்தின் மூலை பெட்டிக்கு மூலை ஆகாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நட்டநடுவில் இருக்கிற இரண்டு ஓலையை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போட்டு இழுத்தால் அந்த இடம் தானாக எழும்பி நிற்கும், அதுதான் மூலை. நாலு பக்கமும் அப்படி எழுப்பி, துணி காயப்போடுகிற கிளிப்பால் கவ்விவிட்டு, பிறகு சுற்றுச்சுவரைப் பின்னிக்கொண்டு போ. வேண்டிய உயரம் வந்ததும் நுனியை உள்பக்கம் மடக்கிச் செருகு. மூடிக்கும் இதே கணக்குத்தான், ஓலையை மட்டும் ஒரு நூல் அகலம் கூட்டிக் கிழிக்கவேண்டும். இல்லாவிட்டால் மூடி உட்காராது.

பேரன் பின்னுவது கோணலாகத்தான் வரும். அவன் தூங்கினபிறகு நீ பிரித்துத் திருத்தாதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். மணப்பாட்டில் பெண்கள் முடைகிற பெட்டிகளின் நேர்த்தி நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அவர்களுக்கு அது பிழைப்பு. விலை கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் அவர்களிடம் வாங்கு, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மூடியெல்லாம் அவனுக்கு இந்த வருஷம் வேண்டாம். கிலுக்கு ஒன்று செய்யட்டும். உள்ளே சின்னக் கூழாங்கல் போட்டு, வாயை இறுக்கிப் பின்னி, ஒரு வால் விட்டுவிட்டால் போதும். ஓலை பிரிந்து கல் வெளியே வராதபடி கடைசி முடிச்சை நீ பார்த்துக்கொள். போன மாதம் பிறந்த குழந்தைக்கு அவன் பெயரில் போகட்டும்.

உன் பங்கு ஊர்ப் பெட்டிகளை நானும் உங்கம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். பலகாரமும் இங்கேயே சுட்டுவிடுவோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்தாலும் வந்தது, பேரைச் சொல்லிச் சீனி கலந்ததை விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆளிடம் வாங்கி, மழையில் கசியாமல் அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

நீ செய்யவேண்டியது பட்டியல். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுது. ஊரில் யார் யாருக்கு, என்ன அளவு, உள்ளே என்ன என்று. உங்கள் மாடியில் இருக்கிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, வாட்ச்மேன் இவர்களையும் சேர்த்துக்கொள். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். இருபதாம் தேதிக்குள் எனக்கு வந்துவிட்டால் நல்லது, கடைசி நேரத்தில் உங்கம்மா என்னை விரட்டுவாள்.

பெரியப்பாவுக்கு மட்டும் அளவை மாற்றவேண்டும். டாக்டர் சொல்லி வெற்றிலையை விட்டுவிட்டார். இப்போது அவருக்குக் கண்ணாடியும் மாத்திரையும் வைக்கத்தான் பெட்டி வேண்டும். எத்தனை அறை வைக்கலாம் என்று நீயே யோசித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா