கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பயோகேஸ் நிலையங்களின் இயந்திரங்களோடு வேலை செய்பவன் நான். உங்கள் பார்வைக்கு வரும் திட்ட அறிக்கைகளில் செரிகலனின் (கழிவு காற்றில்லாமல் நொதித்து வாயுவாகும் மூடிய தொட்டியின்) கொள்ளளவு, நாளொன்றுக்குச் சேரும் கழிவு, கிடைக்கப்போகும் வாயு ஆகியவை பக்கம் பக்கமாக இருக்கும். அந்த வாயுவை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்பதற்கு ஒரு பத்தி இருந்தாலே பெரிது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான். அதைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

செரிகலனிலிருந்து வெளிவரும் வாயுவில் மீத்தேன் பொதுவாக 50 முதல் 70 சதவீதம் வரைதான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அது எரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். 60 சதவீத மீத்தேன் உள்ள வாயு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல் வெப்பம் தரும். அதையே 97 சதவீதமாகத் தேற்றினால் 35 மெகாஜூலை நெருங்கும். வாகனத்தில் நிரப்பவும் இயற்கை எரிவாயுக் குழாயில் சேர்க்கவும் அந்தத் தரம் வேண்டும்.

கரியமில வாயுவைவிட எனக்குப் பெரிய கவலை ஹைட்ரஜன் சல்பைடு. அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அதை நீக்காமல் ஓட்டிய என்ஜினைப் பிரித்துப் பாருங்கள். செம்பு கலந்த பேரிங்குகள் கறுத்து அரித்திருக்கும். ஆயில் அமிலமாகி, மாற்ற வேண்டிய நாளுக்கு வெகு முன்பே கெட்டிருக்கும். எரியும்போது கந்தக டை ஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாவதால் புகைக்குழாயும் தப்பாது. இரும்பை மாற்றிக்கொள்ளலாம், ஆளை மாற்ற முடியாது. இந்த வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தொழிலாளி நம்பும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

இதை நீக்க எளிய வழி இரும்பு ஆக்சைடு நிரப்பிய தொட்டி. துருவின் நிறத்தில் உள்ளே போகும் துகள்கள், கந்தகத்தைப் பிடித்துக் கரியாய்க் கறுத்து வெளியே வரும். காற்றுப் பட்டால் மறுபடி பழுப்பாகும். அப்போது கடுமையாகச் சூடேறும். நனைக்காமல் கொட்டிக் குவித்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். இந்த வேலையைப் பயிற்சி இல்லாத ஒப்பந்தக் கூலியாளிடம் விடும் நிலையத்துக்குத் தயவுசெய்து அனுமதி தராதீர்கள்.

அடுத்து கரியமில வாயு. சோடாவில் அழுத்தம் கொடுத்து அதைக் கரைப்பது போலவே இங்கும் அழுத்தத்தில் தண்ணீரில் கரைத்துப் பிரிக்கலாம். மீத்தேன் அவ்வளவாகக் கரைவதில்லை. கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல், அதை எளிதில் ஊடுருவவிடும் மெல்லிய சவ்வு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி அதைத் துகள்களின் பரப்பில் பிடித்து விடுவித்தல் என்று வேறு முறைகளும் உண்டு. எது சிறந்தது என்பது நிலையத்தின் அளவையும், அங்கே கிடைக்கும் தண்ணீர், மின்சாரம், வெப்பம் ஆகியவற்றையும் பொறுத்தது. அமீன் முறையில் மீத்தேன் இழப்பு மிகக் குறைவு, ஆனால் கரைசலை மீட்க நிறைய வெப்பம் வேண்டும். விற்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதுவே சிறந்த முறை என்று அறிக்கையில் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எந்த முறையிலும் பிரித்து வெளியேற்றும் கரியமில வாயுவோடு கொஞ்சம் மீத்தேனும் நழுவிப் போகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போலச் சுமார் 80 மடங்கு புவியைச் சூடாக்கும். நிலத்தடி எரிவாயுவுக்குப் பதிலாக இந்த மீத்தேனை நூறு கிலோ எரித்தால் 275 கிலோ கரியமில வாயு மிச்சம். அந்த நூறு கிலோவில் நான்கு கிலோ கசிந்தால் அது 320 கிலோவுக்குச் சமம். எரிபொருளை மாற்றியதால் கிடைத்த பலன் முழுவதும் போயிற்று. இப்படிக் கசியும் நிலையத்துக்குப் பசுமைச் சான்றிதழும் மானியமும் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே டெண்டரிலேயே மூன்றை எழுத வேண்டுகிறேன். வெளியேறும் வாயுவில் மீத்தேன் இழப்புக்கு உச்சவரம்பு வையுங்கள். தாண்டினால் அதை எரித்து அழிக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று சேருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவைச் சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் தினமும் அளந்து பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவு யார் கேட்டாலும் கிடைக்கட்டும். மானியத்தை உற்பத்தியான கச்சா வாயுவின் அளவுக்குத் தராமல், சுத்தமாகி வெளியே போகும் மீத்தேனின் அளவுக்குத் தாருங்கள். இந்தக் கடைசி மாற்றம் ஒன்று வந்தாலே, வெட்டுப்படும் அந்தப் பத்தியை ஒப்பந்தக்காரரே விரிவாக எழுதிக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்