ஃபோர்ட் அப்பாச்சி பள்ளி வளாகத் திருப்பணி நிறைவு அறிக்கை

நம் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி பழங்குடி இனத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அரிசோனா மாநிலம், ஃபோர்ட் அப்பாச்சியில் நம் தியோடர் ரூஸ்வெல்ட் பள்ளி வளாகத்தின் பழைய கற்கட்டடம் ஒன்றில் நடந்துவந்த வேலை முடிந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை. உளுத்த தாழ்வாரத் தூண்களுக்குப் பதிலாகப் பைன் மரத் தூண்கள் நிற்கின்றன. வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

காலத்தைத் தின்றது சாந்து வேலைதான். முன்பு யாரோ கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் நீர் நம் மலைக்குளிரில் உறைந்து பருக்கும்போது சிமெண்ட் அப்படியே நிற்கும், கல் பொரிந்து உதிரும். அதனால் அதை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினோம். வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கு போர்த்தினோம். மேஸ்திரிக்குப் பொறுமை அதிகம். குழுவினருக்கு அவ்வளவு இல்லை.

தாழ்வாரத்துக் கற்களில் அந்தக் காலப் பிள்ளைகள் ஆணியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. தேய்த்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டோம்.

"இதை ஏன் காப்பாற்ற வேண்டும், இடிந்து போகட்டுமே" என்று சில குடும்பத்தினர் கேட்டதை மறக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1870இல் படைமுகாமாகத் தொடங்கிய இடம் இது. 1922இல் படை போனது; மறு ஆண்டே அமெரிக்க அரசு இங்கே பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி திறந்தது. முதலில் நவாஹோ என்ற வேறொரு பழங்குடியின் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள், பிறகு நம் பிள்ளைகளும் வந்தார்கள். தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1960இல் இயற்றிய சட்டப்படி இந்த வளாகம் நம் இனத்துக்கு உரியது. அரசு அதன் பொறுப்பாளர் மட்டுமே. பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் பயன்படுத்தும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. பயன்படுத்தியது, பராமரிக்கவில்லை. சீரமைக்கச் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என மதிப்பிட்டு 1999இல் நம் இனம் வழக்குத் தொடுத்தது. பிறர் சொத்தை அனுபவிப்பவர் அதைப் பாழாக விடக் கூடாது என்ற எளிய நியாயத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2003இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நாம் வென்றோம். 2012இல் வளாகம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பராமரிக்காததற்காக அரசைக் கூண்டில் ஏற்றிய நாமே இதை இடிய விட்டால் அந்த வழக்குக்கு என்ன பொருள்? தவிர, இன்று பள்ளியை நடத்துவது நம் ஆட்கள், படிப்பது நம் பிள்ளைகள்.

வடக்குச் சுவரோரம் மழைநீர் தேங்குகிறது. கோடை மழைக்கு முன் வாய்க்கால் வெட்ட ஆட்கள் தேவை. வர முடிந்தவர்கள் பெயர் கொடுக்கவும். சுண்ணாம்பு இன்னும் முழுதாக இறுகவில்லை, சுவரை ஒட்டி டிரக்குகளை நிறுத்த வேண்டாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்