எண்ணெயைத் தூள் மேல் ஊற்று

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் தேர்வு முடித்துவிட்டாள். மற்ற கதையெல்லாம் ஃபோனில். இதை மட்டும் எழுத்தில் அனுப்புகிறேன், ஏனென்றால் ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுவாய்.

பத்தே நிமிஷத்தில் காரசாரமாக நூடுல்ஸ் செய்ய ஒரு வழி பிடித்திருக்கிறேன். பொட்டலத்து மசாலா வேண்டாம். காய்ந்த நூடுல்ஸ், எண்ணெய், மிளகாய்த்தூள், பூண்டு, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை. எல்லாமே உன் அலமாரியில் இருக்கும், தேடிப் பார்.

சூட்சுமம் முழுக்க எண்ணெயில்தான். அறையில் சமைத்த நாட்களில் நீ என்ன செய்வாய்? எண்ணெய் புகையப் புகைய அதில் மிளகாய்த்தூளைக் கொட்டுவாய், மூன்று பேரும் இருமிக்கொண்டே மாடிக்கு ஓடுவோம். தூள் நொடியில் கருகிக் கசந்துவிடும். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தூளைக் கிண்ணத்தில் போட்டு, காய்ந்த எண்ணெயை அதன் மேல் ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும் வரை எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்தில் விழுந்ததும் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் தூள் வறுபடும், தீயாது. வடமேற்குச் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் வெந்த நூடுல்ஸ் மேலேயே தூளைத் தூவி, கொதிக்கும் எண்ணெயை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அந்த 'சொய்ங்' சத்தத்தைக் கேட்டாலே பசி எடுக்கும்!

காரத்தைத் தருகிற கேப்சைசினும் மிளகாயின் சிவப்பும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அல்ல. அதனால்தான் காரம் ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, பால் குடிக்க வேண்டும். அன்றைக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒருவருக்கு அளவு இதுதான்: 100 கிராம் நூடுல்ஸ், 2 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், பொடியாக நறுக்கிய 2 பல் பூண்டு, சாஸும் வினிகரும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை. பூண்டையும் தூளோடு கிண்ணத்திலேயே போடு. கிண்ணம் பீங்கானோ எவர்சில்வரோ இருக்கட்டும், பிளாஸ்டிக் கூடாது. ஈரம் துளியும் இருக்கக் கூடாது, தெறிக்கும். எண்ணெயில் ஒரு பூண்டுத் துண்டைப் போட்டுப் பார், உடனே பொரிந்தால் பதம் சரி. புகை வந்துவிட்டால் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் பொறுத்து ஊற்று. சாஸ், வினிகர், சர்க்கரை எல்லாம் சத்தம் அடங்கிய பிறகு.

நூடுல்ஸைப் பொட்டலத்தில் சொன்னதைவிட ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிடு. தயவுசெய்து குழாயில் அலசாதே. வேகவைத்த தண்ணீரில் அரைக் கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு, கிளறும்போது சேர். அதிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் சாஸையும் சேர்த்துப் பிடித்து இழைக்கு இழை ஒட்ட வைக்கும். அது இல்லாவிட்டால் காரமெல்லாம் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் உனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதை அண்ணி சொன்னார்கள். ராத்திரி ஆனால் நீ பொட்டல நூடுல்ஸ்தான் என்றும் சொன்னார்கள். எனக்கு மனசே சரியில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மசாலா உறையில் எவ்வளவு சோடியம் என்று லேபிளைப் படி. அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். சோயா சாஸும் லேசுப்பட்டதில்லை, ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு. அதனால்தான் தேக்கரண்டி என்று எழுதினேன், கை நீளக் கூடாது. உப்புக் குறைவது வினிகரின் புளிப்பிலும் பூண்டின் வாசனையிலும் தெரியவே தெரியாது. நாக்கை ஏமாற்றாமல் சாப்பிடுகிற வழி இது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இந்த வாரமே செய். அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது என்ன எண் வந்தது என்று ஒளிக்காமல் எனக்குச் சொல். அண்ணிக்கு என் வணக்கம்.

உன் பழைய அறைத்தோழன்